கொமேனியஸ் என்னும் ஆசிரியர் சரித்திரம்

மாணாக்கன் வாளாவிருப்ப ஆசிரியன் ஒருவனே உழைப்பது கல்வியாகாது என்பதனை ஆசிரியத் தொழில் பூண்டோர் யாவரும் தம் அநுபவத்தால் அறிவர். காலையிற் சொல்லிக்கொடுத்த பாடத்தை மாலையில் ஓரெழுத்தும் பிழையாது ஒப்புவித்த பிள்ளை, அப்பாடத்திற் சொல்லப்பட்ட பொருளை மறுநாள் வீதியிற் கண்டு, இஃது யாதென்று வினவக் கேட்டு நாம் மனம் வருந்தியதுண்டு. மேற்பிரிவு வகுப்புக்களிற் படிக்கும் பிள்ளைகள் தாமே முயன்று கற்போராகவும், தம்மூர் என்னும் எல்லையில் அமைந்துவிடாது உலகமனைத்தையும் நோக்கும் உள்ளமுடையோராகவும் வளர்தல் வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்து எங்குங் கேட்கப்படுகின்றது. அதனை நேற்றுத் தோன்றிய புதுக்கொள்கையென்று எண்ணுவாரும் உளர்.

ஏறக்குறைய 370 ஆண்டுகளின் முன்னரே ஐரோப்பாக் கண்டத்தில் ஓர் ஆசிரியர் அதனை நூலில் எழுதியும், பாடசாலையில் நடத்தியுங் காட்டினர். அவர் பிறந்த நாட்டை இழந்தவர். இளமையிற் பெற்றோரையும், பின்னர் மனைவி மக்களையும் இழந்தவர். இருமுறை தம் புத்தகங்களைப் பகைவர் கையில் இழந்தவர். இத்துணை இழந்தும், பிள்ளைகளிடத்து வைத்த நம்பிக்கையை மாத்திரம் அவர் இழந்திலர். யோன் அமோஸ் கொமேனியஸ் என்னும் அப்பெரியாருடைய சரித்திரத்தை நம் ஆசிரியன்மார் பொருட்டு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

இவர் 1592ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் திகதி மொறேவியா நாட்டின் தென்கிழக்குப் பாகத்திற் பிறந்தனர். அந்நாடு இக்காலத்துச் செக் குடியரசின் ஒரு பகுதியாயுள்ளது. தந்தையார் பொகீமிய சகோதரர் சபை என்னும் சிறிய கிறித்துசமயப் பிரிவைச் சார்ந்தவர். அச்சபையார் தொகையிற் சிலரேயாயினும், தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றலைப் பெரிதும் போற்றியவர். கொமேனியசுக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தை தாய் இருவரும் இறந்தனர். சகோதரிகள் இருவரும் இறந்தனர். உறவினர் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் கல்வியைக் கருத்தோடு நோக்குவார் இல்லாதுபோயினர்.

பதினாறாம் வயதிலேதான் பிறேறொவ் என்னும் ஊரிலுள்ள இலத்தீன் பாடசாலையில் அவர் சேர்ந்தனர். உடன் கற்றவர் பலர் சிறுவர். இவரோ வளர்ந்த இளைஞர். சிறுவராய் இருந்தோர் இயல்பென்று பொறுத்துக்கொண்ட குறைகளெல்லாம் இவர் கண்ணிற் குறைகளாகவே தோன்றின. அக்காலத்து இலத்தீன் பாடசாலை எத்தகையதெனின், பொருள் விளங்காத இலக்கண விதிகளை மனனஞ் செய்வித்தலும், தவறியவிடத்துப் பிரம்பெடுத்தலுமே அங்கு நடந்த கல்வி. பல ஆண்டு இலத்தீன் கற்றும் ஒரு மரத்தின் பெயரையோ ஒரு தொழிற் கருவியின் பெயரையோ அம்மொழியிற் சொல்ல மாட்டாத மாணாக்கர் பலர். தம் இளமைக்காலத்தின் இனிய ஆண்டுகள் அவ்வாறு வீணாயின என்னும் துயரம் அவர் உள்ளத்தில் ஆழப்பதிந்தது. பிறர் அத்துயரத்தைப் பின்னர் மறந்துவிடுவர். தாம் பட்ட அடியைத் தம் மாணாக்கருக்கும் கொடுப்பர். இவரோ அதனைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய வினாவாக்கிக் கொண்டனர்.

1611இல் ஜெர்மனி தேசத்து ஏர்போண் நகரத்து உயர்கல்விச்சாலைக்கும், 1613இல் கைடெல்பேர்க் சர்வகலாசாலைக்கும் அவர் சென்று கற்றனர். ஏர்போணிற் கற்கும்பொழுதே தம் தாய்மொழியாகிய செக் மொழிக்குப் பேரகராதியொன்று தொகுக்கத் தொடங்கினர். கைடெல்பேர்க்கிலே, பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்று நாட்டிய கொப்பேணிக்கஸ் என்பாருடைய நூலின் கையெழுத்துப் பிரதியைத் தம் சிறு பொருள் கொடுத்து வாங்கினர். அக்கொள்கையை அவர் ஒருபொழுதும் ஒப்புக்கொண்டிலர். தாம் உடன்படாத கொள்கையுடைய நூலையும் விலைகொடுத்து வாங்கிப் பேணியமை அவருடைய அறிவுவேட்கையைக் காட்டும். அப்பிரதி அழியாது நின்று இன்று போலந்து தேசத்திற் பாதுகாக்கப்படுகின்றது.

1614இல் ஊர் திரும்பித் தாம் கற்ற பிறேறொவ் பாடசாலையிலேயே ஆசிரியராயினர். 1618இல் பூல்னெக் என்னும் ஊரிலே சபைக் குருவாகவும் பாடசாலைத் தலைவராகவும் அமர்ந்தனர். மணஞ்செய்து மக்களைப் பெற்று அமைதியாய் வாழ்ந்தது இவ்வூரிற் கழிந்த மூன்றாண்டுகளே என்னலாம்.

யுத்தமும் தேசாந்தரமும்

அவர் பூல்னெக்கிற்குச் சென்ற அவ்வாண்டிலேயே ஐரோப்பாவை முப்பதாண்டு அலைத்த பெரும்போர் மூண்டது. 1620ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிராக் நகரின் புறத்தேயுள்ள வெண்மலை என்னுமிடத்திலே பொகீமியர் சேனை தோற்றது. கத்தோலிக்கராகிய சக்கரவர்த்தியின் ஆட்சி நிலைபெறவே, அச்சமயத்துக்கு மாறுபட்ட சபையார்க்குத் தம் நாட்டில் நிற்க இடமில்லாது போயிற்று. 1621இல் பூல்னெக் சூறையாடப்பட்டது. கொமேனியஸ் தம் வீட்டையும் புத்தகங்களையும் இழந்து மறைந்து திரிந்தனர். அடுத்த ஆண்டில் அவருடைய மனைவியாரும் குழந்தைகள் இருவரும் கொள்ளைநோயால் மாண்டனர். 1627இல் பிறந்த அரசகட்டளை, சமயம் மாறுக அல்லது நாட்டைவிட்டு நீங்குக என்று விதித்தது. 1628ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பனிக்காலத்தில், சபையாரோடு எல்லைகடந்து போலந்து நாட்டு லெஷ்னோ நகரை அவர் அடைந்தனர். அன்று விட்ட தாய்நாட்டில் அவர் மீண்டும் வாழ்ந்திலர்.

நாடிழந்தவன் மனத்தில் எழுவது பெரும்பாலும் பகை. கொமேனியசும் தம் நாடு மீளுமென்று நெடுங்காலம் ஏங்கியவரே. ஆயினும் அவர் கேட்ட முதற்கேள்வி, இத்தனை மனிதர் இத்துணைக் கொடியராகுமாறு எங்கே பிழைத்தோம் என்பதாம். பாடசாலைகளிற் பிழைத்தோம் என்று விடையுங் கண்டனர். ஒரு நாடு திருந்துவது பிள்ளைகள் திருந்துவதனாலாம். பிள்ளைகள் திருந்துவது கற்பிக்கும் முறை திருந்துவதனாலாம். லெஷ்னோ நகரத்துப் பாடசாலையில் ஆசிரியத் தொழிலை ஏற்றுக்கொண்டு, அம்முறையை ஆராயத் தொடங்கினர்.

லெஷ்னோவில் எழுதிய நூல்கள்

1631இல் அவர் வெளியிட்ட மொழிவாயில் என்னும் இலத்தீன் பாடநூல் அவர் பெயரை ஐரோப்பா முழுதும் பரப்பியது. ஏறக்குறைய 8000 சொற்களைத் தேர்ந்து, அவற்றை 1000 வாக்கியங்களில் அமைத்து, அவ்வாக்கியங்களை 100 அதிகாரங்களாக வகுத்தனர். உலகத்தோற்றம், பூதங்கள், மரஞ்செடிகள், விலங்குகள், மனிதவுடல், தொழில்கள், வீடு, நகரம், அரசு, அறவொழுக்கம் எனப் பொருள்கள் முறையே செல்லும். மொழி கற்கும் மாணாக்கன் அதனோடு உலகத்தையுங் கற்பான் என்பதே அந்நூலின் கருத்து. பொருளறியாது சொல்லைக் கற்பவன் உமியைக் குத்துகின்றான் என்பதை அவர் தம் இளமையிற் கண்டவரன்றோ? அந்நூல் ஐரோப்பிய பாஷைகள் பலவற்றிலும், ஆசியப் பாஷைகள் சிலவற்றிலும் பெயர்க்கப்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நூலின் பெயரையும் முதற்கருத்தையும் கொமேனியஸ் ஸ்பானியா தேசத்துச் சலமான்கா நகரில் வாழ்ந்த அயர்லாந்து இயேசுசபைக் குருமார் செய்த ஒரு பாடநூலினின்றும் பெற்றனர். அவர்கள் யாவர்? தம்மை நாட்டினின்று துரத்திய சமயப் பக்கத்தார். நன்முறை யார் கையிலிருப்பினும் நன்முறையே என்று கொண்டு, அதன் குறைகளை நீக்கித் தமதாக்கினர். உலகநோக்கு என்பது தூரதேசத்தார் பெயரை அறிதல் மாத்திரமன்று. தமக்கு மாறுபட்டார் வீட்டிலுள்ள நன்மையை நாணாது கற்றுக்கொள்ளுதலும் அதன்பாற்படும்.

கற்பித்தற்கலையைப் பற்றிய தம் பெருநூலையும் இக்காலத்திலேயே அவர் செக் மொழியில் எழுதிப் பின்னர் இலத்தீனிலும் அமைத்தனர். இலத்தீன் நூல் 1657இல் அச்சேறியது. செக் மூலமோ 1849 வரை அச்சேறவில்லை. ஆசிரியர் சொற்பமாகக் கற்பிக்க மாணாக்கர் மிகுதியாகக் கற்கும் வழியைக் காண்பதே அந்நூலின் நோக்கம். செல்வர், வறியர், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்குங் கல்வி உரியதென்று அவர் நாட்டினர். அக்காலத்தில் இஃது எளிய சொல்லன்று. இருபத்துநான்கு வயது வரையுள்ள காலத்தை ஆறாறு ஆண்டாக நான்கு கூறிட்டு, முதலாறும் தாய்மடியாகிய பாடசாலையிலும், அடுத்த ஆறும் ஊர்தோறும் அமைந்த தாய்மொழிப் பாடசாலையிலும், அதன்மேல் ஆறும் நகர்தோறும் அமைந்த இலத்தீன் பாடசாலையிலும், இறுதியாறும் சர்வகலாசாலையிலுமாக வகுத்தனர். பிறமொழியைத் தாய்மொழியின் வாயிலாகவே கற்பித்தல் வேண்டும் என்பதும், பொருளை முன் காட்டிச் சொல்லைப் பின் கற்பித்தல் வேண்டும் என்பதும், எழுதி எழுதுதலையும் பேசிப் பேசுதலையும் கற்பதுபோல எதனையுஞ் செய்தே கற்றல் வேண்டும் என்பதும் அவர் விதிகள். காலைநேரத்தை அறிவுக்கும் நினைவுக்கும், பிற்பகலைக் கைக்கும் குரலுக்கும் உரியனவாக்கினர்.

அவருடைய மூன்றாம் படியாகிய இலத்தீன் பாடசாலையே நாம் இன்று இடைநிலைக் கல்வி என்று வழங்குவது. அவ்வயதுப் பிள்ளைகளை எவ்வாறு நடத்துவது என்னும் வினாவிற்கு ஏட்டில் எழுதிய விடை போதாது. நடத்திக் காட்டுதல் வேண்டும். அதற்குரிய காலம் பின்னர் வந்தது.

பல தேசத்தார் அழைத்தல்

மொழிவாயிலின் புகழால் பல தேசத்தார் இவரை அழைத்தனர். 1641இல் இலண்டன் நகரை அடைந்தனர். உலகத்து அறிஞர் யாவரும் கூடி அறிவுத்துறைகள் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்குங் கழகமொன்று அங்கே தோன்றுமென்று நம்பினர். அயர்லாந்திற் கலகமும், இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போரும் எழவே, 1642இல் அதனைக் கைவிட்டு நீங்கினர். அவ்வாண்டில் ஒல்லாந்திலே தத்துவநூலார் தேக்காட் என்பவரோடு ஏறக்குறைய நான்கு மணிநேரம் அளவளாவினர். இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்றிலர். ஆயினும் அன்போடு பிரிந்தனர். பின்னர்ச் சுவீடின் தேசத்தார் பொருட்டு எல்பிங் நகரிலிருந்து 1648 வரை பாடநூல்கள் இயற்றினர். அவ்வேலையை ஏற்றதற்கு ஒரு காரணம், சுவீடின் வெற்றிபெற்றால் தம் நாடு மீளும் என்னும் நம்பிக்கை. 1648இற் செய்யப்பட்ட வெஸ்ற்பேலியச் சமாதானம் அந்நம்பிக்கையை அறுத்தது. பொகீமிய அகதிகள் நாடு திரும்புவதற்கு அவ்வுடன்படிக்கையில் வழியில்லை. அவ்வாண்டிலே அவருடைய இரண்டாம் மனைவியாரும் இறந்தனர். அவ்வாண்டிலேயே சிதறிய சபைக்கு அத்தியட்சராகவும் அவர் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

சாறொஷ்பட்டாக் பாடசாலை

1650இலே அங்கேரி தேசத்தின் வடகிழக்கிலுள்ள சாறொஷ்பட்டாக் என்னும் ஊருக்கு, அந்நாட்டுப் பிரபுவின் விதவையாகிய சூசன்னா லொறாந்தி அம்மையார் இவரை அழைத்தனர். அங்குள்ள பாடசாலையைச் சீர்திருத்தித் தம் முறையில் நடத்தும் அதிகாரம் இவருக்குக் கிடைத்தது. மனமகிழ்ந்து ஏழு வகுப்புடைய பாடசாலைக்குத் திட்டம் வரைந்தனர். மொழி, இயற்கை, கணிதம், சரித்திரம், அரசியல், ஒழுக்கம் என்பன ஒன்றோடொன்று தொடர்ந்து வகுப்புத்தோறும் விரிந்து செல்லுமாறு அத்திட்டம் அமைந்தது.

அத்திட்டத்தில் நம் கருத்தைக் கவர்வது ஒன்று. வாரத்திற் குறித்த நேரத்திலே மாணாக்கர் புதினப் பத்திரிகை வாசித்தல் வேண்டுமென்று அவர் விதித்தனர். ஐரோப்பாவில் அச்சிட்ட புதினப் பத்திரிகை தோன்றி அப்பொழுது ஐம்பதாண்டும் நிரம்பவில்லை. இலத்தீன் பழகுதற்கும், தேசப்படத்தில் ஊர்களின் இடமறிதற்கும், தம் காலத்து உலகில் நடப்பது யாதென்று உணர்தற்கும் அஃது உதவுமென்று அவர் கருதினர். பண்டைக்காலத்து உரோமரையே அறிந்து, தம் காலத்து அயல்நாட்டை அறியாத பிள்ளை, கிணற்றுத் தவளையின் வேறாகாது என்பதை அவர் நன்குணர்ந்தவர். வகுப்பைப் பதின்மர் பதின்மராகப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் மாணாக்கருள் ஒருவரைச் சட்டாம்பிள்ளையாக்கி, பிறருக்குக் கற்பிப்பதனால் தாமும் கற்கச் செய்வதும் அவர் முறை.

திட்டம் சிறந்தது, நடந்தது வேறு. ஏழு வகுப்பிற்கு மூன்று வகுப்பே திறக்கப்பட்டன. மாணாக்கர் பலர் சோம்பர். ஆசிரியருட் சிலர் புதுமுறையில் மனம்வையாதவர். துணைநின்ற இளம்பிரபு 1652இல் இறந்தனர். அவ்வாண்டிலே பாடசாலையினின்று சோம்பலை ஓட்டுதல் என்னும் பொருள்பற்றிக் கொமேனியஸ் ஓர் உரை செய்தனர். சோம்பல் என்றவுடன் பிள்ளைகளையே நாம் சுட்டுவோம். அவரோ, அந்நோய் மாணாக்கரிடத்தும் உண்டு, ஆசிரியரிடத்தும் உண்டு, பாடசாலையை மேற்பார்க்கும் அதிகாரிகளிடத்தும் உண்டு என்று மூவரையும் ஒருங்கே நிறுத்தி ஆராய்ந்தனர். ஆசிரியர் உயிரின்றிக் கற்பிப்பின் மாணாக்கர் உயிரின்றிக் கற்பர் என்பது அவ்வுரையின் பிழிவு.

அவர் கண்ட மருந்து நாடகம். மாணாக்கரை மேடையிலேற்றித் தாம் கற்றதைத் தாமே பேசி நடிக்கச் செய்தல் வேண்டுமென்றனர். உடனாசிரியர் இசைந்திலர். நாடகம் பாடசாலைக்குத் தகாதென்றும், அதனை இயேசுசபையார்க்கே விட்டுவிடுதல் நன்றென்றும் தடைகூறினர். முன்னே அச்சபையார் நூலினின்று முறைகொள்ள நாணாத கொமேனியஸ் இங்கும் நாணினாரல்லர். தம் மொழிவாயில் நூலின் பொருள் முழுவதையும் எட்டு நாடகங்களாக அமைத்தனர். தொலமி என்னும் அரசன் தன் அவையத்து அறிஞரோடு இருந்து உலகப் பொருள்கள் எல்லாவற்றையும் ஆராய விரும்புகின்றான். அவன்முன் ஒவ்வொருவராக வந்து தத்தம் பொருளை எடுத்துக்காட்டி உரைக்கின்றனர். உலகத்தின் இயற்கையை உரைப்போரும், மனிதவுடலை விளக்குவோரும், கைத்தொழிலாளர் தம் கருவிகளோடு வருவோரும், பாடசாலையையும் வீட்டையும் நகரையும் அரசையும் நடித்துக் காட்டுவோருமாக மாணாக்கர் பலருக்கும் பங்குண்டு. ஒருவர் பேச மற்றையோர் வாய்மூடியிருக்கும் வகுப்பு, பலரும் எழுந்து பேசும் அரங்கமாயிற்று.

பலர் முன்னிலையில் நாடகம் நடந்தபொழுது முன்னர்த் தடைகூறியோர் கருத்து மாறிற்று. பெற்றோர் மகிழ்ந்தனர், அம்மையாரும் மகிழ்ந்தனர். மந்தரென்று தள்ளப்பட்ட பிள்ளைகளும் கூச்சம் நீங்கித் தெளிவாகப் பேசினர். பல மாதம் பிரம்பினால் இயலாதது சில வாரத்தில் நாடகத்தால் இயன்றது. ஆயின் அவ்வெற்றி காலந்தாழ்த்து வந்தது. 1654ஆம் ஆண்டின் நடுவிலே கொமேனியஸ் அவ்வூரை விட்டு லெஷ்னோவிற்குத் திரும்பினர். நான்காண்டு உழைத்து அவர் நிறுவ நினைத்த பாடசாலையில் முழுமை பெற்றது பாதியுமில்லை. ஆயினும் அப்பாதியே பின்வந்தோர்க்கு வழிகாட்டியது.

சித்திர உலகம்

சாறொஷ்பட்டாக்கிற் கற்பிக்கும்பொழுது அவர் எழுதிய மற்றொரு நூல், கண்ணாற் காணும் உலகத்தின் சித்திரநூல். அவ்வூரிலே சித்திரம் வெட்டுவார் இல்லாமையால் அஃது 1658இல் ஜெர்மனி தேசத்து நூரெம்பேர்க் நகரிலே அச்சிடப்பட்டது. அதிலே 150 பாடங்கள்; பாடந்தோறும் ஒரு சித்திரம். சித்திரத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கமிட்டு, அவ்விலக்கங்களையே கீழுள்ள இலத்தீன் வாக்கியத்திலும் ஜெர்மன் வாக்கியத்திலும் அவ்வச்சொல்லுக்கு இட்டிருப்பர். பிள்ளை இலக்கத்தைப் பார்த்துப் பொருளையும், அதன் தாய்மொழிப் பெயரையும், பிறமொழிப் பெயரையும் தானே கண்டுகொள்ளும். அரிச்சுவடியும் அங்ஙனமே. எழுத்தின் ஒலியை வறிதே கூறாது, காகங் கரைதல், ஆட்டுக்குட்டி கத்துதல் முதலாகப் பிள்ளை நாடோறுங் கேட்கும் ஓசைகளோடு சேர்த்துக் கற்பித்தனர். அப்பம் சுடுவோன், நெசவுகாரன், தேனீ வளர்ப்போன், புத்தகங் கட்டுவோன் முதலாகத் தொழில்செய்வோர் பலர் அந்நூலில் வருவர். 1659இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. பின்னர்ப் பல பாஷைகளிலும் பரந்து ஏறக்குறைய இருநூறாண்டு வழங்கியது. ஜெர்மன் மகாகவியாகிய கேத்தே சிறுவயதில் அந்நூலைப் பார்த்து மகிழ்ந்தவர்.

தீக்கிரையான ஏடுகள்

லெஷ்னோவிற்குத் திரும்பியவருக்கு அங்கும் அமைதியில்லை. 1655இலே சுவீடின் அரசன் போலந்தின்மேற் படையெடுத்தான். தம் சபையார்க்கு அவனால் நன்மை விளையுமென்று எண்ணிக் கொமேனியஸ் அவனைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். தமக்கு இருபத்தேழு ஆண்டு புகலிடங் கொடுத்த நாட்டின்மேற் படையெடுத்தவனை அங்ஙனம் புகழ்ந்தது தவறென்றே நாம் கொள்ளல் வேண்டும். 1656ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, சுவீடின் சேனை நீங்கியபின், போலந்துப் படையினர் லெஷ்னோ நகரத்தைக் கொளுத்தினர்.

அத்தீயில் கொமேனியசுடைய வீடும், புத்தகசாலையும், கையெழுத்து ஏடுகளும் வெந்தன. மறைத்துவைத்த ஏடுகள் சில பின்னர் மீட்கப்பட்டன. மாணாக்கராய் ஏர்போணில் இருந்தபொழுது தொடங்கி, நாற்பதாண்டுக்கு மேலாகப் பல நாட்டிலுஞ் சுமந்து திரிந்து தொகுத்த செக் மொழிப் பேரகராதி அழிந்தது. நாடு போயினும் மொழியை யேனும் காப்போம் என்று ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்த பொருளது. சாகுமளவும் அவ்விழப்பை நினைந்து அவர் வருந்தினர். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்துநான்கு. இழந்ததை எண்ணி ஓய்ந்திருப்பினும் அவரைக் குறைகூறுவார் இலர். அவர் மீண்டும் எழுதுகோலை எடுத்தனர்.

இறுதிக்காலம்

ஒல்லாந்து தேசத்து ஆம்ஸ்ரர்டாம் நகரத்தார் அவரை ஏற்று ஆதரித்தனர். நகரசபையாரின் உதவியால் அவருடைய கல்விநூல்கள் யாவும் நான்கு பாகங்களாக 1657இல் ஒருங்கே அச்சிடப்பட்டன. 1667இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் பிறேடா நகரிற் கூடிச் சமாதானம் பேசியபொழுது, கடல் யாவர்க்கும் பொதுவென்றும், போர் விடுத்து இணங்குதல் வேண்டுமென்றும் இருதிறத்தாரையும் வேண்டி ஒரு நூலெழுதி அனுப்பினர். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தைந்து.

அவர் இறுதிவரையும் எழுதிய பெருநூல், மனிதர் காரியங்களைத் திருத்துதற்குரிய பொது ஆலோசனை என்பது. அது ஏழு பாகமுடையது. எல்லா மனிதரும், எல்லாப் பொருளையும், எல்லா வழியாலுங் கற்றல் வேண்டும் என்பது அதன் கல்விப் பாகத்தின் கருத்து. உலகமே மனிதகுலத்தின் பாடசாலை. பிறப்பிற்கு முன் தொடங்கி இறப்பு வரையும் அதிற் கல்வியுண்டு. தேசங்களுக்கிடையே வழக்குத் தீர்த்துப் போரைத் தடுக்கும் பொதுமன்றமும், அறிஞரை ஒன்றுசேர்க்கும் பொதுக்கழகமும் வேண்டுமென்றும் அந்நூலில் எழுதினர். அந்நூல் முற்றுப்பெறுமுன், 1670ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி ஆம்ஸ்ரர்டாமிற் காலமாயினர். உடல் அண்மையிலுள்ள நாடென் என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அப்பெருநூலின் கையெழுத்து ஏடுகள் இருநூறாண்டுக்கு மேலாகக் காணாதொழிந்தன. 1930களின் நடுவிலே, ஜெர்மனி தேசத்து ஹாலே நகரத்து அநாதைச்சாலையின் பழைய புத்தகசாலையில் ஓர் ஆராய்ச்சியாளர் அவற்றைக் கண்டெடுத்தனர். 1966இலே பிராக் நகரில் நூல் முழுவதும் அச்சேறியது. ஆசிரியர் இறந்து 296 ஆண்டு கழிந்தபின் அவருடைய பிரதான நூல் உலகத்தார் கையை அடைந்தது. அவர் பிறந்தநாளாகிய மார்ச்சு 28ஆந் திகதியே செக் நாட்டில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

முடிவுரை

பெரியாருடைய சரித்திரம் எழுதுவோர் குறைகளை மறைத்தல் நன்றன்று. வருங்காலம் உரைப்பதாகக் கூறிய சிலருடைய வாக்கைக் கொமேனியஸ் நம்பி அச்சிட்டுத் தம் பெயருக்கு இழுக்குத் தேடிக்கொண்டனர். உலகமனைத்தும் ஒன்றுபடும் என்று அவர் எதிர்நோக்கியபொழுதும், பிறசமயத்தார் யாவரும் ஈற்றில் தம் சமயத்தையே அடைவர் என்று கருதினர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. அவர் கொப்பேணிக்கசின் நூலை உடன்படாமலே பேணியதுபோல, நாமும் அவர் கொள்கையில் வேண்டாததை விலக்கி வேண்டியதைக் கொள்வோமாக.

வேண்டியது யாதெனின், ஆசிரியன்மாரே, இதுவாம். உலகத்தை நோக்கும் மாணாக்கனை உலகத்தைப் பற்றிய பேச்சினால் ஆக்குதல் இயலாது. தன் தாய்மொழியில், தன் கண்முன்னுள்ள பொருளில், தன் கையாற் செய்யும் தொழிலில், தன் வாயாற் பேசும் பேச்சில் அவன் முதலில் உறுதிபெறுதல் வேண்டும். அவ்வுறுதியின்மேல் நின்றே அவன் அயலூரையும் அயல்நாட்டையும் அச்சமும் இகழ்ச்சியுமின்றி நோக்குவான். வீட்டு முற்றத்துக் காகத்தில் தொடங்கியவர், பிறேடா நகரத்துச் சமாதான சபை வரையும் சென்றதை நினைமின்.

நாளை வகுப்பிற் புகும்பொழுது நம்மை நாமே கேட்டற்குரிய வினாக்கள் சில. இன்று பாடத்தில் எத்தனை பிள்ளைகள் வாய்திறந்தனர்? எத்தனை பேர் பொருளைக் கையாற் றொட்டனர்? புதினப் பத்திரிகையில் வந்த ஊரொன்றைத் தேசப்படத்திற் காட்டவல்லார் எத்தனை பேர்? பின்வாங்கில் இருந்து ஒருநாளும் பேசாத பிள்ளைக்கு நாடகத்தில் ஒரு வேடமேனும் கொடுத்தோமா? பிள்ளை சோம்பியிருந்தால் அச்சோம்பல் எங்கே தொடங்கிற்றென்று நம்மை ஆராய்ந்தோமா? இவ்வினாக்களுக்குப் பொருட்செலவு வேண்டா, புதுக்கட்டிடமும் வேண்டா. வீடும் நாடும் நூலும் இழந்த ஒருவர், இவற்றைத் தம் வகுப்பில் வினாவிக்கொண்டே வாழ்ந்து முடித்தனர். எல்லாம் உடைய நாம் வினாவாதிருத்தல் தகுமோ?